கீழவைப்பாருக்குப் பெரிய டிரம் போன கதை

காலை ஆறு மணிக்கு நாசரேத் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் ஐந்து பெண்கள் நின்றோம். எங்கள் கோயில் பெண்கள் சங்கத்துப் பேண்டு செட் முதன்முதலாக நாலு பேர் முன்னால் வாசிக்கப் போகிறது. அதுவும் கீழவைப்பார் கடற்கரையில். எங்களில் டிரம்பெட் ஊதும் ஜெசிந்தாவுக்குப் பிறந்த ஊர் அதுதான். அவள் தம்பி புதுப் படகு இறக்குகிறான். கிரேஸ் டீச்சர் கிளாரினெட். எங்களுக்குத் தலைவியும் அவர்தான். மற்ற இருவருக்குச் சின்ன டிரமும் ஜால்ராவும். பெரிய டிரம் எனக்கு.

ஏன் எனக்கு என்று கேட்பீர்கள். அந்த டிரம் கோயில் அறையில் தூசி பிடித்துக் கிடந்தது. தூக்கிப் பார்த்த மூன்று பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் பலசரக்குக் கடைக்காரி. நாற்பது வருஷம் அரிசி மூட்டை புரட்டியவள். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அப்போது எனக்கு அறுபத்தாறு முடிந்திருந்தது.

ஆறேகாலுக்கு பஸ் வந்தது. ஏரல் வழியாகத் தூத்துக்குடி, நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். கண்டக்டர் டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏ ஆச்சி, என்ன அண்டாவா? கல்யாணத்துக்கு ஆக்கிப் போடப் போறியளோ?"

"டிரம்முய்யா. அடிக்கப் போறோம்."

"யாரு, நீங்களா?" என்று சிரித்தார். "ஒரு ஆள் லக்கேஜ் போடணும்."

"போடு. ஆள் டிக்கெட்டுன்னா அதுக்கும் சீட்டு உண்டுல்லா?" என்று ஜன்னல் ஓரத்தில் அதை உட்கார வைத்துவிட்டேன். தூத்துக்குடி வரை அது காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

ஏரல் தாண்டியதும் டீச்சர் பின்சீட்டிலிருந்து குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. இன்னைக்கு அடி பிசகிச்சுன்னா, அடுத்த தடவை டிரம்ம என் தங்கச்சி மகட்ட குடுத்துருவேன். அவளுக்கு மியூசிக் நோட்டு வாசிக்கத் தெரியும். என்ன நடந்தாலும் அடிய மட்டும் நிப்பாட்டிராதீங்க."

நான் இரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். மற்றவர்கள் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். எனக்குத் தாள் கிடையாது. என் கடைதான் எனக்குத் தாள். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதில் எட்டு வரி, வரிக்கு நாலு அடி. என் கடையிலும் எட்டுத் தட்டு, தட்டுக்கு நாலு டப்பா. முதல் தட்டு: உளுந்து, பயறு, கடலை, துவரை. ஒரு அடிக்கு ஒரு டப்பா. அப்படியே கீழே இறங்கி வருவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் இறங்கி இட்லி சாப்பிட்டு வந்தால், எட்டே முக்காலுக்கு ஜெசிந்தாவின் தம்பி அனுப்பிய லோடு ஆட்டோ காத்திருந்தது. வடக்கே முப்பது கிலோமீட்டர். இருபுறமும் உப்பளம். குவித்து வைத்த உப்பின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. ஓட்டுநர் பள்ளத்தில் விட்டபோதெல்லாம் ஜால்ரா தானாகவே ஒலித்தது. "அது மட்டும் நல்லாப் பழகிட்டு" என்றாள் ஜெசிந்தா.

பத்து மணிக்கு ஊர் சேர்ந்து, பதினொன்றரைக்கு மணலில் நின்றோம். படகுக்கு மாலை போட்டிருந்தது. அந்த ஊர்ப் பாதிரியார் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். முப்பது ஆண்கள் படகில் கை வைத்தார்கள். டீச்சர் தலையசைத்தார், தொடங்கினோம்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தேன். என் அடி விழும்போதுதான் அவர்கள் தள்ளினார்கள். அடிக்கு ஒரு முழம், அடிக்கு ஒரு முழம். அந்தப் படகு என் கையில் நகர்ந்தது! அப்புறம் நான் யாரையும் பார்க்கவில்லை; டிரம்மையே பார்த்து அடித்தேன்.

ஐந்தாம் தட்டில் மல்லி வரை கிளாரினெட் கேட்டது. மிளகு, சீரகம் என்று போகும்போது பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. வெந்தயம். ஆறாம் தட்டுக்கும் இறங்கிவிட்டேன். அப்போது ஒரு உள்ளங்கை வந்து டிரம்மின் தோலில் அமர்ந்தது. ஜெசிந்தாவின் தாயார்.

"ஏளா, உச்சி மணி அடிக்கி. நில்லு."

நிமிர்ந்தேன். கரை முழுதும் சிலையாக நின்றது. ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் அந்த ஊரில் எல்லாம் நிற்குமாம். நான் ஒருத்திதான் அடித்திருக்கிறேன். காது சுட்டது. டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"முன்னாடியே சொல்லக் கூடாதாளா?" என்று ஜெசிந்தாவிடம் முணுமுணுத்தேன்.

"எங்க ஊர்ல கைப்பிள்ளைக்கும் தெரியுமேத்தை! இதப் போய்ச் சொல்லணுமான்னு இருந்துட்டேன்."

செபம் முடிந்தது. துண்டுகள் தலைக்கு ஏறின. முப்பது பேரும் படகில் கை வைத்து எங்களைப் பார்த்தார்கள். டீச்சரின் தாளைக் காற்று புரட்டிவிட்டிருந்தது.

"மூணாவது வரில விட்டோம்" என்றார் டீச்சர்.

"இல்ல, ஆறு" என்றாள் ஜெசிந்தா.

"ஏ, வெயிலு கொல்லுது, சட்டுனு அடிங்க!" என்று படகுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"அஞ்சாவது வரி, டீச்சர். மொத அடி முடிஞ்சு நீங்க விட்டிய" என்றேன். அவர் தயங்கினார். நான் தயங்கவில்லை. ஐந்தாம் தட்டு, மல்லி: ஓங்கி ஒரு அடி. படகு ஒரு முழம் நகர்ந்தது. மிளகுக்குக் கிளாரினெட் வந்து சேர்ந்தது. சீரகத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அந்தப் பாட்டை இன்னும் மூன்று முறை சுற்றினோம். படகு தண்ணீரைத் தொட்டபோது என் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. எப்போது அவ்வளவு தூரம் இறங்கினேன் என்று தெரியவில்லை.

மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு இரண்டரைக்குக் கிளம்பினோம். ஆட்டோவில் டீச்சர் என்னை ஒட்டி வந்து உட்கார்ந்தார்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"கடைக்காரி சரக்கு எங்க இருக்குன்னு யார்ட்டயும் கேக்க மாட்டா, டீச்சர்."

அவர் சிரித்தார். கொஞ்ச தூரம் போனபின், "என் தங்கச்சி மகளுக்கு வேற எதாவது வாத்தியம் பாக்கணும்" என்றார்.

எங்கள் ஊரில் கோயில் மணி அடித்தால் ஆராதனைக்குக் கிளம்புவோம். அந்த ஊரில் மணி அடித்தால் நிற்கிறார்கள். இரண்டும் நல்ல பழக்கம்தான். ஆனால் நின்றுவிட்டால், விட்ட இடம் தெரிந்து மறுபடி தொடங்க ஒரு ஆள் வேண்டும். அன்றைக்குக் கீழவைப்பாரில் அந்த ஆள் நான்.