கல்லிவல்லியில் இருந்த மகன்

திருக்கடையூரில் என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் மகனைப் பற்றிக் கேட்டார்கள். "கல்லிவல்லியில நல்ல வேலையில இருக்கான்" என்று நிமிர்ந்துதான் சொன்னேன். போனில் அவன் "கல்லிவல்லியா இருக்கேம்மா" என்று சொன்னதை, துபாய் பக்கத்தில் ஒரு ஊர் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் இலையில் கொழுந்தன் மகன், அவனும் துபாய் போய் வந்தவன், பாயச வாயோடு சிரித்தான்.

"பெரியம்மா, அந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாது."

குடவாசலில் மளிகைக்கடை பாய் முன்னால் சவுதியில் இருந்தவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"அக்கா, அது ஊரு இல்லைங்க. வேலைக்கு எடுத்த அரபிகிட்டேருந்து ஓடிட்டு, பேப்பர் இல்லாம மறைஞ்சு வேலை பாக்குறவங்களை அப்படிச் சொல்றது."

"எம்மவன் ஏன் மறையணும்? யார் வீட்டுல திருடினான்?"

"திருடவே வேணாங்க. பாஸ்போர்ட்டு அரபி கையில மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்."

அப்புறம் அங்கே பொது மன்னிப்பு விட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுக்கிற அவுட்பாஸில் வந்து சேர்ந்தான். இளைத்திருந்தான், அது பரவாயில்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் கொல்லைக்குப் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொள்வான். அதுகூடப் புரிந்தது. மற்றவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததுதான் எனக்குப் புரியவில்லை.

கேட்டதற்குச் சொன்னான். அங்கே செத்துப்போன ஒருத்தன் கார்டை வைத்துக்கொண்டு, அவன் பேரில்தான் இத்தனை காலம் வேலை பார்த்திருக்கிறான்.

"செத்தவன் எந்த ஊருடா?"

"தெரியாதும்மா. கட்டில் அவனோடது. போர்வையும் அவனோடதுதான்."

அந்தப் பேரையும் சொன்னான். எங்கள் ஊரில் அந்தப் பேர் ஒருத்தருக்கும் கிடையாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: உடம்பு வந்த மாதிரி அவனும் வந்துவிட வேண்டும்.

சம்பா நடவு முடிந்திருந்த சமயம். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாய்க்கால் பக்கத்திலிருந்து ஆம்பளைக் குரல் ஒன்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. என் காதிலும் விழுந்தது. நான் இல்லாததைச் சொல்கிறவள் இல்லை.

"தோ வந்துட்டேன்" என்று எச்சில் கையோடு இறங்கிப் போனான். கரையில் ஆள் இல்லை. தண்ணீர்தான் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி!" என்றேன். நிற்கவில்லை. அவனுக்கு வைத்தது என் மாமனார் பேர். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்று அதுவரை நான் வாயால் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அதற்கும் திரும்பவில்லை. கால் தண்ணீரில் இறங்கிவிட்டது.

வேறு வழி தெரியாமல் அந்தச் செத்தவன் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"கூப்பிட்டீங்களா?"

என் மகன் என்னிடம் 'நீ வா, போ' என்றுதான் பேசுவான்.

"ஆமாங்க" என்றேன். "சோறு ஆறுது. உள்ள வாங்க."

வந்தார்.