நசுக்காத உருண்டை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் அந்தக் காலத்தில் நான் எழுந்து போய்விடுவேன். சூளை பற்றவைக்கும்போது எங்கள் மேஸ்திரி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவார், அதைப் பொறுக்கிவந்து பிழிந்து குடித்தவன் நான். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன், நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, என் வீட்டுக்காரியே பாதிதான் நம்புகிறாள். நடந்ததும் இருட்டில் இல்லை, கத்திரி வெயில் கொளுத்துகிற நட்டநடுப் பகலில்.

எழுபத்தொன்றாம் வருஷமோ எழுபத்திரண்டோ, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து சரக்கு இறக்கும் வேலை எனக்கு. ஜாடி, கப்பு, பொம்மை எல்லாம் வெந்து முடிந்ததும் சூளையை நாலு நாள் ஆறவிட வேண்டும், நாங்கள் மூன்றாம் நாளே நனைத்த கோணியைப் போர்த்திக்கொண்டு நுழைந்துவிடுவோம். வட்டமான பெரிய அறை, ஒரே வாசல், உள்ளே கும்மிருட்டு. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். உள்ளே போகிறவன் ஈரக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, அதில் கட்டைவிரலை அழுத்தி, வாசலோரத்து மாடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தன் உருண்டையைத் தானே நசுக்க வேண்டும். மாடத்தில் உருண்டை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

எனக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. வேலை முடிந்தும் உள்ளேயே உட்கார்ந்து எண்ணுவேன். முதலில் ஐம்பது, அப்புறம் நூறு, அப்புறம் இருநூறு. மூக்கு எரியும், காது கொதிக்கும், ஓடிவிடு என்று உடம்பு கெஞ்சும், ஓடாமல் உட்கார்ந்தால் மனசு இரும்பாகிவிடும் என்று ஒரு திமிர்.

கூட வேலை பார்த்த ஆரோக்கியம் என்னைவிட நாலைந்து வயது சின்னவன். பிரசவத்தில் அவன் மனைவியும் குழந்தையும் ஒரே நாளில் போய்விட்டார்கள். சோறு இறங்கவில்லை, தூக்கம் கிடையாது, ஜங்ஷனைத் தாண்டித் தண்டவாளத்தோரம் போய்ப் போய் நிற்கிறான் என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எப்படியாவது அவனைப் பிழைக்கவைக்க வேண்டும், எனக்குத் தெரிந்த மருந்தோ ஒன்றுதான்.

“எங்கூட வந்து உள்ள குந்துடா. அந்தச் சூட்ட தாங்கிட்டியின்னா எதையும் தாங்குவ” என்றேன்.

வந்தான். நான் எண்ணினேன், அவன் ஜெபமாலை உருட்டினான். மூன்றாவது சூளை இறக்கியபோது, “அண்ணே, நேத்து தூங்கிட்டேண்ணே” என்று சிரித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை, டாக்டர் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த சூளைக்கு நாங்களே வீம்பாக இரண்டாம் நாள், செங்கல் வைத்து அடைத்திருந்த வாசலைப் பிரித்தோம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு உருண்டைகளை வைத்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். இருநூறு தாண்டியதும் எனக்கே முடியவில்லை.

“வாடா, போயிடலாம்.”

“நீ போண்ணே, ஜெபத்த முடிச்சிட்டு வரேன்.”

வெளியே வந்தேன். கண்ணுக்குள் வியர்வை இறங்கி எதுவும் தெரியவில்லை, கைக்கு அகப்பட்ட உருண்டையை நசுக்கிவிட்டு வேப்பமரத்தடியில் போய் விழுந்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், பக்கத்தில் ஆரோக்கியம். சத்தியமாகச் சொல்கிறேன், தோளைத் தொட்டேன், பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. துண்டை நீட்டினேன், துடைக்க அவன் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

“பாரமே இல்லண்ணே” என்றான்.

அப்போது காற்று எழும்பியது. சூடான சரக்கில் காற்று பட்டால் விரிசல் விழும், அதனால் மேஸ்திரி தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“உள்ள யாருடா?”

“யாருமில்லைங்க, ரெண்டு பேரும் வந்துட்டோம்” என்று நான்தான் கத்தினேன்.

என் பேச்சில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, மாடத்தைப் பார்க்கவே இல்லை. தகரத்தை வைத்து அடைத்து, சுற்றிலும் சேறு பூசினார். மரத்தடியில் என்னை மட்டும்தான் பார்த்தாராம், அவன் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறான் என்று நினைத்தாராம், பிற்பாடு சொன்னார். நான் திரும்பியபோது பக்கத்தில் ஆரோக்கியம் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்து, அசதியில் கண்ணை மூடிவிட்டேன்.

சாப்பிட்டுத் திரும்பிய ஒருத்தர் போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். “மாடத்துல ஒரு உருண்ட இருக்குதே, யாருதுப்பா?”

தகரத்தைப் பிடுங்கி எறிந்தோம். குந்தியவாக்கிலேயே சுவரில் சாய்ந்திருந்தான், விரலில் ஜெபமாலை, நன்றாகத் தூங்குகிற முகம்.

போலீஸ் வந்தது, மயங்கி மூச்சடைத்துப் போனான் என்று எழுதினார்கள். சூட்டில் எனக்குப் புத்தி கலங்கி ஏதோ தெரிந்திருக்கிறது என்றார் டாக்டர். நானும் அதை நம்பிவிடத்தான் பார்த்தேன். ஆனால் அவன் ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்த உருண்டையை வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். எட்டாம் நாள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பதிந்த பள்ளத்தில் குறுக்கே ஒரு கோடு. இதோ என் கட்டைவிரலைப் பாருங்கள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடைந்த ஜாடி கிழித்த தழும்பு, அதே கோடுதான். வியர்வைக் கண்ணோடு நான் நசுக்கியது அவன் உருண்டையை. எங்கள் வழக்கப்படி பார்த்தால் அன்றைக்கு வெளியே வந்தவன் ஆரோக்கியம். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்.

“வூட்டுல எதுக்கு இத வச்சிருக்கீங்க, நசுக்கி மணிமுத்தாத்துல போட்டுட்டு வாங்க” என்று வீட்டுக்காரி எத்தனையோ தடவை அழுதுவிட்டாள். நசுக்கினால் நான் வெளியே வந்துவிட்டதாக ஆகிவிடும். அவனை உள்ளே கூட்டிப்போனவன் நான், யாருமில்லை என்று கத்தியவனும் நான், எந்த முகத்தோடு வருவது? மனசை இரும்பாக்கக் கிளம்பியவனுக்கு ஒரு பிடி மண்ணை நசுக்கத் தெம்பில்லை.

அந்த வெயிலில் களிமண் ஒரே நாளில் கல்லாகிவிடும். இது ஐம்பது வருஷமாக அலமாரியில் இருக்கிறது. இன்று காலையும் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஈரமாக ஒட்டியது.