இன்னும் வராத இன்ஜெக்ஷனுக்கு இப்போதே பைப்

பாப்பா, தம்பி... கோபம் ஆறிவிட்டதா? ஆறாவிட்டாலும் படியுங்கள்.

நம் தோட்டத்துத் திருவிழாவில் அம்மன் வருசா வருசம் நம்முடைய பழைய பெற்றோல் லொறியில்தான் ஊர்வலம் போவாள். இந்த வருசம் டிராக்டரில் போனாள். லொறி ஷெட்டில் எலும்பும் தோலுமாக நின்றது. காரணம் நான்தான். ஏன் என்று மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்த வாரப் பத்தியை உங்களுக்கே எழுதுகிறேன்.

ஓப்பநாயக்க ஏற்றத்தில் நம் லொறி படும் பாடு உங்களுக்குத் தெரியும். சூடு ஏறினால் காபரேட்டர் மூச்சு முட்டும், என்ஜின் நின்றுவிடும். அதைக் கழற்றிவிட்டு அடுத்த வருசம் பெற்றோலை என்ஜினுக்குள் பீய்ச்சியடிக்கும் இன்ஜெக்ஷன் போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

போன மாதம், மழையில் உளுத்துப்போன பின்தட்டுப் பலகைகளைக் கழற்றினேன். அடியில் பெற்றோல் பைப் - ஒரே துரு. மாற்றியே ஆகவேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இன்ஜெக்ஷனுக்கு ஏற்ற மாதிரியே மாற்றினால் என்ன?

"இன்னும் வராத இன்ஜெக்ஷனுக்கு இப்பவே எதுக்குப்பா பைப்பு?" என்று பாப்பா கேட்டாள்.

நல்ல கேள்வி. காபரேட்டருக்குப் பெற்றோல் மெதுவாக வந்தால் போதும். இன்ஜெக்ஷனுக்கு மோட்டார் பைக் டயரில் இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் வரவேண்டும். என்ஜின் எடுத்தது போக மிச்சம் டேங்குக்கே திரும்ப வேண்டும். அதற்கு இன்னொரு பைப். பலகை அடித்து மூடிய பிறகு யார் மறுபடி கழற்றுவது?

இரும்புப் பைப்பும் அதற்கான ஹோசும் இரத்தினபுரியிலிருந்து வரத் தாமதமானது. திருவிழா நெருங்கியது. அப்போதுதான் உங்கள் மாமா வந்தார். கோயில் கமிட்டிக்காரர், தோட்டத்தில் களைக்கு மருந்தடிப்பவர். கையில் ஒரு ஹோஸ் சுருள்.

"மச்சான், மருந்து டேங்கு ஹோஸ்! எவ்வளவு பம்ப் அடிச்சாலும் வெடிக்காது. இத மாட்டுங்க, சாமி ஏறட்டும்."

"பெற்றோலத் தாங்குமா?"

"களை மருந்தையே தாங்குது... பெற்றோலு என்னங்க பெரிய சூரனா?"

சண்டை எதற்கு? ஒரு துண்டு வெட்டி, பெற்றோல் போத்தலில் போட்டு மூடி, வெளியே வைத்தேன். சில நாள் கழித்து எடுத்தால் - தேத்தண்ணியில் ஊறிய பனிஸ் மாதிரிப் பொதபொதவென்று! நசுக்கினேன். விரலெல்லாம் கறுப்பு.

மாமா தலையைச் சொறிந்தார். "ஒரு நாளைக்குத்தானே மச்சான். புதுசா மாட்டினா அன்னைக்கு ஒன்னும் ஆகாது."

"ஒரு நாள்தான். அன்னைக்குத்தானே லொறியச் சுத்தி வெடி போடுவாங்க? மேல சாமியோட நம்ம புள்ளைங்கதானே ஏறி உக்காந்திருக்கும்?"

"அனே... கமிட்டிக்கு நான் என்ன சொல்றது?"

"மச்சான் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிருங்க."

சொல்லியேவிட்டார் போலிருக்கிறது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தம்பி சாப்பிடாமல் படுத்தான். பாப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்கு வலிக்காது என்றா நினைத்தீர்கள்?

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். வெளியே தெரியும் வேலையில் கொஞ்சம் கோணல் இருந்தால் பரவாயில்லை. பலகை போட்டு மூடப்போகிற வேலையில் இருக்கக் கூடாது.

திருவிழாவன்று காலையில்தான் பைப் வந்து சேர்ந்தது. நீங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டீர்கள். நான் பைப்பை வளைத்து, சைலன்சரை விட்டுத் தள்ளிப் பிடித்து, வரிசையாகக் கிளிப் போட்டேன். டேங்குக்குத் திரும்பும் பைப்புக்கு இன்னும் வேலை இல்லை. சும்மா விட்டால் குளவி மண் வைத்துவிடும். இரண்டு முனையையும் மூடினேன்.

ஊர்வலத்தின் தப்பு மேளச் சத்தம் நம் லயத்து வீடுகள் பக்கம் வரத் தொடங்கியது. வாசலில் அம்மனுக்குச் சூடம் கொளுத்த வீட்டில் யாரும் இல்லை. சவுக்காரம் போட்டுக் கை கழுவி மணந்து பார்த்தேன் - பெற்றோல். மறுபடி கழுவினேன். சட்டையையும் மாற்றினேன். சூடத் தட்டோடு ஷெட்டை விட்டு எட்டப் போய், ரோட்டு வளைவில் நின்று, கையை இன்னொரு தடவை மணந்து பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சியை உரசினேன்.