மலைச்சிங்கக் குட்டிக்குக் காதுகுத்து

கல்யாணமாகி சான் ஹோசேவுக்குப் போன முதல் வருஷம் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. கணவருக்கு இருந்தது வேலை விசா. எனக்கு இருந்தது அவருடைய மனைவி என்கிற விசா. கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அபார்ட்மெண்ட் ஜன்னலில் நின்றுகொண்டு, கீழே எந்தக் கார் யாருடையது என்று மனப்பாடமாகச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன். அவரோ இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும், அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று காலையில் ஓடினால், இருட்டின பிறகுதான் திரும்புவார்.

பக்கத்து நூலகத்தின் அறிவிப்புப் பலகையில்தான் அந்தத் தாளைப் பார்த்தேன். தெற்கே இருக்கும் மலைகளில் மலைச்சிங்கங்கள் எங்கே நடமாடுகின்றன, எந்த ரோட்டைக் கடக்கும்போது அடிபடுகின்றன என்று கண்டறிந்து அவற்றைக் காப்பாற்ற ஒரு குழு வேலை செய்கிறது, வாலண்டியர்கள் தேவை, சம்பளம் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே ஒரு படம். சிங்கம் என்று பெயரே தவிர பிடரி மயிர் கிடையாது. சிறுத்தை அளவு உடம்பு, மானின் நிறம், தரையைத் தொடுகிற நீளமான வால். அது கேமராவைப் பார்த்த பார்வையில், இவ்வளவு நாளாக நீ எங்கே போயிருந்தாய் என்று என்னைக் கேட்பதுபோல இருந்தது.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

“சம்பளம் இல்லைன்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்குப் போறே?”

“சம்பளம் இல்லாததுனாலதாங்க நான் போக முடியும். விசாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

அவர் ரசத்தைப் பிசைந்தபடி யோசித்தார். “அந்த லைப்ரரியிலயே வாலண்டியர் பண்ணலாமே. புஸ்தகம் கடிக்காது.”

ஆனாலும் சனிக்கிழமை அவரே என்னைக் கொண்டுபோய் விட்டார். காரைவிட்டு இறங்காமலே மலையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

குழுவை நடத்தியவர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு விஞ்ஞானி. ஆறடிப் பெண், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், தொப்பிக்குப் பின்னால் தொங்கும் நரைத்த பின்னல். வீட்டில் அவருக்கு நான் வைத்த பெயர் சிங்கத்தம்மா. அவரைத் தவிர நிரந்தரமாக வந்துகொண்டிருந்தவர் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரிய மனிதர். பெரிய என்றால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவு. நான் அவருடைய தோளுக்குக் கீழே எங்கோ இருந்தேன். எங்கள் மூவரையும் சேர்த்துப் பார்த்தால் சர்க்கஸ் கம்பெனி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பெண் சிங்கம் ஒன்றுக்கு ஏற்கெனவே கழுத்துப் பட்டை மாட்டியிருந்தார்கள். அந்தப் பட்டை ரேடியோ அலைகளை அனுப்பும். கையில் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்து மெதுவாகத் திருப்பினால், தோளில் தொங்கும் பெட்டியில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்கும். எந்தப் பக்கம் சத்தம் பலமாகிறதோ அந்தப் பக்கம் சிங்கம். ஆன்டெனாவைக் கையில் கொடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரோட்டில் மொட்டை மாடியில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்காக ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பியே வளர்ந்தவள் நான். கீழேயிருந்து தம்பி “வருது, வருது, போச்சு” என்று கத்துவான். இங்கே கத்த ஆளில்லை, பெட்டிதான் பேசியது. முதல் நாளே சிங்கம் இருக்கும் பள்ளத்தாக்கைச் சரியாகக் காட்டிவிட்டேன். இதை முன்பு எங்கே செய்திருக்கிறாய் என்று சிங்கத்தம்மா கேட்டார். டிவிக்காக என்றேன். வனவிலங்கு நிகழ்ச்சி ஏதோ தயாரித்திருக்கிறேன் என்று அவர் பல வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வசந்தத்தில் சத்தம் ஒரே இடத்திலிருந்து வர ஆரம்பித்தது. சிங்கம் வேட்டைக்குப் போகும், மறுபடி அதே சரிவுக்கு, அதே புதருக்கு வந்துவிடும். குட்டி போட்டிருக்கிறது என்றார் சிங்கத்தம்மா. குட்டிகளுக்குக் காதில் சின்ன அடையாள வில்லை மாட்டிவிட்டால், வளர்ந்து எந்த மலைக்குப் போனாலும் எதன் பிள்ளை என்று தெரியும். தாய் வேட்டைக்குப் போயிருக்கும்போது போய், எடை பார்த்து, வில்லையை மாட்டி, அவசரமாகத் திரும்பிவிட வேண்டும். குட்டிகள் கொஞ்சம் வளரட்டும் என்று சில வாரம் காத்திருந்தோம்.

ஒரு காலையில் சத்தம் அடுத்த மலைக்குப் போயிருந்தது. மூவரும் கிளம்பினோம். அந்தப் புதரைப் பார்த்ததும் தீயணைப்புக்காரர் நின்றுவிட்டார். சிவந்த பட்டையும் முறுக்கிய கிளைகளுமாக ஒரு கோட்டைச் சுவர் மாதிரி இருந்தது. அடியில் ஒரே ஒரு சந்து. அவர் சந்தைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிங்கத்தம்மாவும் என்னைப் பார்த்தார்.

“நீ சின்ன ஆள்,” என்றார். “நீதான் என்னோடு உள்ளே வரணும்.”

என்னை ஒரு வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கலிபோர்னியாவில் அதுதான் முதல் முறை. ஆன்டெனாவையும் பெட்டியையும் தீயணைப்புக்காரரிடம் கொடுத்துவிட்டோம். தாய் திரும்பினால் மேட்டில் நின்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு, வாசனை படாமல் இருக்க மேலெல்லாம் இலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனோம்.

உள்ளே ஒரு சின்ன அறை போல இருந்தது. காய்ந்த இலை மெத்தையில் இரண்டு குட்டிகள். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, கண் மட்டும் நீலம். பெரியது எங்களைப் பார்த்து வாயை முழுசாகத் திறந்து ‘ஹ்ஸ்ஸ்’ என்றது. பிரஷர் குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. பயத்தில் வந்த சிரிப்பா, சந்தோஷத்தில் வந்ததா, இன்றைக்கும் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன்.

எடை பார்க்கும் துணிப்பையைத் தேடிய சிங்கத்தம்மா ஒரு கெட்ட வார்த்தையை மெதுவாகச் சொன்னார். பை வண்டியிலேயே தங்கிவிட்டது. வெயிலுக்கு என் கழுத்தில் ஈரோட்டுத் துண்டு கிடந்தது. அதை எடுத்து மண்ணிலும் இலையிலும் நன்றாகப் புரட்டி, நாலு முனையையும் சேர்த்து முடிந்து, குட்டியை உள்ளே வைத்துத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். அச்சு அசலாகத் தூளி. நீட்டிய காதும் ஒரு நீலக் கண்ணும் வெளியே தெரிந்தன. என்னை அறியாமல் கை அதை ஆட்ட ஆரம்பித்துவிட்டது.

“ஆட்டாதே,” என்றார் சிங்கத்தம்மா. “முள் நிற்க மாட்டேங்குது.”

அடுத்து வில்லை. குட்டியை என் மடியில் வைத்து, நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, அவர் காதில் மாட்டினார். ஒரு சின்ன ‘டக்’. குட்டி ஒரு முறை கத்திவிட்டு என் கையுறையைக் கடித்தது. அப்போதுதான் உறைத்தது, இது காதுகுத்து. எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாயுடைய சகோதரன் மடியில்தான் உட்கார வைப்பார்கள் என்று சொன்னேன்.

“அப்போ நீ மாமனா?” என்றார் அவர், இரண்டாவது குட்டியை எடுத்துக்கொண்டே.

“ஆமாம்.”

சிங்கத்தம்மாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சத்தம் போடாமல் சிரிக்க வேண்டும் என்பதாலேயே இன்னும் அதிகமாகச் சிரித்தோம். அந்த நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது. சத்தம் பலமாகிறது என்றார் தீயணைப்புக்காரர். கொஞ்சம் இடைவெளி விட்டு, நன்றாகவே பலமாகிறது என்றார்.

இரண்டாவது காதுகுத்து எப்படி நடந்தது என்று நினைவில்லை. குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து மெத்தையில் விட்டுவிட்டு, துண்டையும் தராசையும் வாரிக்கொண்டு, நுழைந்ததைவிட வேகமாகப் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தோம். சரிவில் பாதி தூரம் நடந்தேன், மீதித் தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். ஓடை தாண்டி எதிர்மேட்டில் ஏறி, தீயணைப்புக்காரரின் பின்னால் நின்றபோதுதான் மூச்சு வந்தது. அவர் பின்னால் நின்றால் மலையே மறைந்துவிடும். எட்டிப் பார்த்தேன்.

எதிர்ச்சரிவில் அது வந்தது. ஓடவில்லை, பதுங்கவில்லை. கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிறவள்போல வந்தது. புதர் வாசலில் நின்று தரையை முகர்ந்தது. தலையைத் தூக்கி நேராக எங்கள் மேட்டைப் பார்த்தது. பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஒரு மெல்லிய கிறீச் சத்தம் கேட்டது. குட்டிகள் புகார் சொல்லியிருக்க வேண்டும்.

தீயணைப்புக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டிக்குத் திரும்பும் வழியில் சிங்கத்தம்மா கைகளை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார், நானும் சுற்றினேன்.

வீட்டுக்குப் போனதும் கணவர் கதவைத் திறந்தார். தலையில் இலை, முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் மண்.

“காது குத்தியாச்சுங்க,” என்றேன். “ரெண்டு பேருக்கும். தாய்மாமன் நான்தான்.”

முழுக்கதையையும் கேட்டார். கேட்டு முடித்து, “கெடா விருந்து யாரு போட்டா?” என்றார்.

“அவங்கம்மா. மான் விருந்து. நமக்குச் சொல்லலை.”

அவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே, “நானும் வர்றேன்” என்றார். ஓடைக்கரை மணலுக்குக் கூட்டிப் போனேன். முந்தின நாள் லேசாக மழை பெய்திருந்ததால் மணல் ஈரமாக இருந்தது. அங்கே நேர்கோட்டில் தாயின் காலடி. அதைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக, ஓடியும் உருண்டும் விளையாடியும் போன இரண்டு குட்டிகளின் சின்னக் காலடிகள். இரண்டும் உயிரோடு இருக்கின்றன. நான் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் படாமல் கையை ஓட்டிப் பார்த்தேன்.

கணவர் குனிந்து பார்த்தார். பெரிய தடத்தின் பக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“இது எப்பப் போட்டது?”

“காலையில இருக்கும்ங்க.”

“இன்னிக்குக் காலையிலயா?”

“ஆமாம்.”

“சரி, போலாம். நீ முன்னால நட. இல்ல, வேண்டாம், பின்னால வா. பின்னாலயும் வேண்டாம், பக்கத்துலயே வா.”

சிங்கம் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், கைகளை உயர்த்திப் பெரிய உருவமாகக் காட்டிக்கொள்ளுங்கள் என்று பாதை ஓரத்தில் ஒரு பலகை இருந்தது. அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கார் நிற்கும் இடம்வரை அப்படியே நடந்து வந்தார். எதிரே ஜாகிங் ஓடி வந்த ஒரு பெண்மணி வேகத்தைக் குறைத்து, எல்லாம் சரிதானே என்று விசாரித்தாள்.

“ஃபைன், ஃபைன்,” என்றார் அவர், கையை இறக்காமலே.