நாற்காலியில் மறந்த கண்ணாடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு காலை நேரத்தில், பவானிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பெருந்துறையில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த சின்னக் கம்பெனியை மூடியிருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் யார் வேலை தரப்போகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. அரசு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட், என் பழைய ஸ்கூட்டி. அவ்வளவுதான் ஆபீஸ்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஊர்வம்பு பார்ப்பதற்குச் சம்பளமும் தருகிறார்களா என்று என் கணவர் கேலி செய்வார். அந்த ஆர்வத்தோடு கொஞ்சம் கர்வமும் சேர்ந்துகொண்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இந்த வீட்டுக்கு உதவி தேவையா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. நான் வருகிறேன் என்று தெரிந்ததும் ஃபிரிட்ஜுக்குப் போர்வை போர்த்தி வைத்தவர்களையும், காரை மாமனார் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்களையும் கண்டுபிடித்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் போன வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். நாற்பது வயது மனைவி அதுவரை கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பெருந்துறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவரைத் தூக்கி உட்கார வைக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டுமே என்று வேலையை விட்டுவிட்டாள். அப்படி வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு. அதற்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். சொந்த வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்வதற்குக் கூடவா அரசாங்கம் பணம் தரும் என்று அந்தத் திட்டத்தைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முன்னறையில் காலடி வைத்ததுமே என் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நான்கு நாற்காலிகள். தரையில் மடிப்புக்கூடக் கலையாத புது ஜமுக்காளம். ஓரத்தில் ஸ்டாண்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் இருந்தவர் ஷேவ் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுச் சாய்ந்திருந்தார். பளபளவென்ற டம்ளரில் காபி வந்தது, தட்டில் முறுக்கு வந்தது. டேப்லெட்டில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. கடைசியில், குடும்பம் நடத்தக் கஷ்டமாக இருக்கிறதா என்ற கேள்வி.

"அதெல்லாம் ஒண்ணும் குறையில்லீங்க. நல்லாத்தானுங்க இருக்கறோம்" என்றாள், சிரித்த முகத்தோடு.

குறையில்லாதவள் எதற்கு விண்ணப்பம் போட்டாள்? கிடைத்தால் நல்லதுதானே என்று போட்டிருப்பாள். எனக்குச் சுருக்கென்று ஒரு கோபம். ஆனால் முறுக்கைத் தின்றேன், அதையும் சொல்லிவிட வேண்டும். 'வசதியான குடும்பம், உதவி தேவையில்லை' என்று கருத்து எழுதி, அங்கேயே அனுப்பிவிட்டு எழுந்தேன்.

அடுத்த தெருவில் இன்னொரு வீடு. அங்கே டேப்லெட்டைத் திறந்தால் எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. படிக்கிற கண்ணாடியை அந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போனேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

சந்து முனையிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் ஸ்டாண்டு ஃபேனை இடுப்பில் அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்னொருத்தி ஜமுக்காளத்தை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் என் கண்ணாடி மட்டும் ஒரு டம்ளரின் மேல் பத்திரமாக இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏமாற்றுகிறவர்கள் இருப்பதைத்தானே மறைப்பார்கள்? இவர்கள் இல்லாததை அல்லவா கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்!

ஃபேனைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏன் அம்மணி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ஏனுங்க, ஊட்டுக்கு ஒருத்தரு வர்றப்ப வெறுந்தரையில உக்காருங்கன்னு சொல்ல முடியுங்களா?"

சரி, நாற்காலி போகட்டும், வாயைத் திறந்து கஷ்டம் என்றாவது சொல்லியிருக்கலாமே என்றேன். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என்னை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு கேட்டுட்டுப் படுத்திருக்கறாருங்க. அவரு காதுபட எப்படீங்க சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைக் கட்டிலில் வைத்துக்கொண்டு, இவரால் இந்தக் குடும்பம் கஷ்டப்படுகிறதா என்று அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். அவள் வேறென்ன பதில் சொல்வாள்? என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று எதிர்வீட்டு வெள்ளித் தட்டை வாங்கி வைத்தவள்தானே நான்? விருந்தாளி வந்தால் கடன் வாங்கியாவது கௌரவமாக நடத்துகிற ஊரில் பிறந்துவிட்டு, அதை எப்படி மறந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டு என்ன செய்ய, அறிக்கை போய்விட்டதே. என்னால் அதை இனி மாற்ற முடியாது. அப்படியே விட்டால் அந்த விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும். அன்றே ஆபீசுக்குப் போய், நான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியை விட்டுவிட்டு வந்ததால்தான் கண் தெரிந்ததா என்று சிரித்தார். மறு ஆய்வுக்கு உத்தரவு போட்டார். ஆனால் அதே ஆள் மறுபடி போகக் கூடாது என்பது விதி, அதனால் வேறொருவர் போவார் என்றார்.

எனக்கு அங்கேதான் பயம். வேறொருவர் வருகிறார் என்று தெரிந்தால் மறுபடியும் நாற்காலிகள் வந்துவிடுமே! போகவிருந்த சகஊழியரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அது போதும். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள், கேள்விகளை வேப்ப மரத்தடியில் வைத்துக் கேளுங்கள். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்றார். அப்படியே செய்தார். வெறுந்தரையில் உட்காரச் சொல்ல மனசில்லாமல், அந்தப் பெண் அவருக்கு ஒரு அரிசிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டாளாம்.

சில மாதங்கள் கழித்து அவளே போன் செய்தாள். உதவித்தொகை வந்துவிட்டது, அக்கா ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க என்றாள். போனேன். முன்னறையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் உட்காருவதா வேண்டாமா என்று தயக்கம். தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சேலையை ஒதுக்கினேன்.

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். போன தடவை ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்.

"தைரியமா உக்காருங்க. இது நம்முளுதுதானுங்க."

அன்றைக்கு எல்லாமே அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தன் வெள்ளைச் சட்டையோடு அவரும் அந்த வரவேற்பில் பங்கெடுத்திருக்கிறார். அவள் மனம் நோகக் கூடாதென்று அவர், அவர் மனம் நோகக் கூடாதென்று அவள். நடுவில் டேப்லெட்டோடு உட்கார்ந்து நாற்காலியை எண்ணியவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் நிறைந்துவிட்டது.

தற்காலிகம் என்று வந்த அதே வேலையைத்தான் இன்றும் பார்க்கிறேன். டேப்லெட்டில் கேள்விகள் மாறவில்லை. உதவி உரியவர்களுக்குப் போய்ச் சேர அந்தக் கேள்விகளும் வேண்டும்தான். ஆனால் எந்த வீட்டிலும் கடைசிக் கேள்வியை நான் உள்ளே வைத்துக் கேட்பதில்லை. ஒரு கஷ்டத்தைக் கேட்பதற்கு முன்னால் அது யார் காதில் விழும் என்று பார்க்க வேண்டும் என்பதை, கண்ணாடியை மறந்த அந்த ஒரு நாள் எனக்கு மறக்க முடியாதபடி சொல்லிக்கொடுத்துவிட்டது.