பவுண்டேஷன் போல்ட்டு

வண்டிச் சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆள் கிடையாது. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் ஆபீஸ் வாசலில் யாராவது பைக்கை ஸ்டார்ட் செய்தால், செயின் தொய்ந்திருக்கிறதா, சைலன்சர் ஆடுகிறதா என்று மாடியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே இந்த வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்ததால்தான் அது வந்தது.

கம்பம் டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒட்டினாற்போல இருந்தன. இரண்டுக்கும் ஒரே முற்றம். தோட்டத்திலும் அப்படித்தான், இரண்டு திராட்சைப் பந்தலுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் அப்பா, மறுநாள் பெரியப்பா என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு கோடையில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தபோது, தன் முறையில் விட்டுப்போன தண்ணீரை அப்பா பெரியப்பாவின் முறையில் பாய்ச்சிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா என்றார் பெரியப்பா. அண்ணனிடம் போய் என்ன கேட்பது என்றார் அப்பா. இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. முற்றத்துக்கு நடுவில் நெஞ்சு உயரத்துக்குத் தென்னந்தட்டி வைத்து அடைத்தார்கள். அதோடு பேச்சும் நின்றுபோனது.

அப்பாவுக்கு அண்ணன் என்றால் உயிர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே பெரியப்பாதான். பெரியப்பா ரொம்பக் காலம் மலைக்குத் தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவர். வளைவில் ஜீப் படுத்துக்கொண்டால் அங்கேயே இறங்கி, மலையாளத்தில் அதைத் திட்டிக்கொண்டே சரிசெய்து கிளப்புவாராம். அப்படிப்பட்டவர் தட்டிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை யாரும் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா வீட்டில் பணியாரம் தின்றுவிட்டு வந்தால் அப்பாவின் முகம் சுண்டிவிடும். போகாமல் இருந்தால் பெரியப்பாவின் முகம் சுண்டிவிடும். இரண்டு முகத்தையும் பார்க்க எனக்கு அழுகையாக வரும்.

இந்த லட்சணத்தில்தான் அப்பாவின் பைக்கில் அந்தச் சத்தம் புறப்பட்டது. சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் போதும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோலக் கடகடவென்று கிளம்பும். அப்பா ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, இன்ஜினுக்குள் டாப்பெட் தட்டுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். கம்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போய் டாப்பெட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். சத்தம் வழித்துணைக்கு வந்த மாதிரி கூடவே வீடு வந்து சேர்ந்தது. அடுத்தது டைமிங் செயின்தான், சந்தேகமே இல்லை என்றார். புதுச் செயினும் போட்டாயிற்று, சத்தம் அசையவில்லை. கடைசியில் மெக்கானிக் கையை விரித்துவிட்டு, இன்ஜினையே இறக்கிப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா முற்றத்தில் வண்டியை நிறுத்தி, அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் நாயைப் பார்த்துப் பேசினார்.

“நல்ல இன்ஜினப் போயி இறக்கப் போறாகளாம். காதுல என்னத்த வச்சு அடச்சிருக்காகளோ.”

நாய்க்கு இதில் கருத்து எதுவும் இல்லை. அப்பா பெட்ரோல் டேங்கைத் துடைத்தபடியே டேங்கிடம் பதில் சொன்னார்.

“காது கேக்குறவுக வந்து சொன்னாத்தான நமக்குத் தெரியும்.”

நாயும் டேங்கும் எத்தனை நேரம்தான் இதைத் தாங்கும்? பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “ஏத்தா, ஒங்கப்பன ஆக்சிலேட்டரக் கொஞ்சம் முறுக்கச் சொல்லு.” அவர் சொன்னது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. நான் திரும்பி, முறுக்கச் சொல்றாக என்று சொன்ன பிறகுதான் அவர் கை ஆக்சிலேட்டருக்குப் போனது. இப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலே நான் தந்திக் கம்பியாக நின்றேன். டாப்பெட்டு இல்லையாம். டைமிங் செயினும் இல்லையாம். செயினாக இருந்தால் சும்மா நிற்கும்போதும் கேட்குமாம். அப்படியென்றால் என்னவாம் என்று கேட்டுச் சொல். ஒரு விறகை எடுத்து இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுக்கச் சொல்.

நான்தான் விறகை எடுத்து வந்தேன். இன்ஜினுக்கு அடியில் கொடுத்து நெம்பிப் பிடித்தேன். அப்பா முறுக்கினார். சத்தம் கப்பென்று நின்றது. விறகை எடுத்தேன், கடகடவென்று திரும்பவும் வந்தது. இன்ஜினுக்குள்ளே ஒன்றுமே இல்லை, அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பவுண்டேஷன் போல்ட்டுதான் லூசாகிவிட்டது என்று பெரியப்பா தட்டிக்கு மேலே கையை நீட்டிக் காட்டினார். அப்பா பதினாலாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நான் என் காதுக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். இனி எந்த ஜென்மத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

அப்பா தெருவில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. “பெரியப்பாட்ட சொல்லு, சரியாயிருச்சுன்னு” என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது பெரியப்பா வீட்டுக்குள் போயிருந்தார். நாய் மட்டும்தான் அங்கே நின்றது.

சண்டை அதோடு தீர்ந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். தீரவில்லை. பழையபடி இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னிடம் சொல்லியனுப்பவும் யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பா காலையில் வண்டியை எடுக்குமுன் தட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, காரணமே இல்லாமல் முறுக்கு முறுக்கென்று முறுக்குவார். இன்ஜின் பூனை மாதிரி உறுமும். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வராது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போவார். பெட்ரோலை இப்படி வீணடிக்கிறாரே என்று எனக்குக் கோபமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அப்பா வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். கையில் பதினாலு ஸ்பேனர். அந்தப் போல்ட்டில்தான் மாட்டியிருந்தார். ஆனால் திருப்புவது தப்பான பக்கம். எனக்கா தெரியாது?

“அப்பா, அந்தப் பக்கம் திருப்புனா கழண்டுரும்.”

அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு, நான் சரியாத்தான் பண்றேன், நீ போய் வாயைக் கொப்பளி என்றார். எனக்கு மகா எரிச்சல். சொன்னால் கேட்கிற ஆளா இவர்?

சாயங்காலம் அப்பா முற்றத்துக்குள் வந்தபோது வண்டி கடகடவென்று ஊரைக் கூட்டியது. சொன்னேனே, சொன்னேனே என்று நான் குதித்தேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. தட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஒரு முறுக்கு முறுக்கினார். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பெரியப்பா எழுந்தார். நாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெருவழியாகச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். தட்டி வைத்த பிறகு அவர் இந்தப் பக்கம் கால் வைத்தது அன்றைக்குத்தான். வண்டிக்கு முன்னால் குனிந்து, காதைச் சாய்த்துக் கேட்டார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பெரியப்பா, அதே போல்ட்டுதான்” என்று நான் முந்திக்கொண்டேன்.

“ஒனக்கு என்னாத்தா தெரியும்? இது வேற சத்தம். எல்லாத்தையும் கழட்டித்தான் பாக்கணும்.” பிறகு கையை நீட்டினார். என் பக்கம் இல்லை. “தம்பி, அந்த ஸ்க்ரூ டிரைவர எடு.”

“இந்தாண்ணே” என்றார் அப்பா.

என்னைக் கேட்காமல், என் வழியாகப் போகாமல், நேராக. எனக்கு வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. அதைவிட, பெரியப்பாவின் காது இப்படிக் கெட்டுப்போய்விட்டதே என்று தாங்கவில்லை. இருவரும் டேங்கைக் கழற்றினார்கள். சீட்டைக் கழற்றினார்கள். சத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத லைட்டைக்கூடக் கழற்றித் துடைத்தார்கள். அம்மா இரண்டு தடவை டீ கொடுத்தாள். பெரியம்மாவும் பணியாரத் தட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். மோட்டார் முறையைப் பற்றி என்னமோ பேசினார்கள், சிரித்தார்கள். அந்தப் போல்ட்டின் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்த பிறகு, விளக்குப் போடும் நேரத்தில், பெரியப்பா பேச்சுவாக்கில் பதினாலு ஸ்பேனரை எடுத்து அதை ஒரு திருப்புத் திருப்பிவிட்டார். சத்தம் நின்றது.

நான் பொறுக்கமாட்டாமல் அடுப்படிக்கு ஓடினேன். இந்த இரண்டு பேருக்கும் இன்ஜினைப் பற்றி ஒன்றுமே தெரியாது, ஒருத்தருக்குப் போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை, இன்னொருத்தருக்குக் காதே கேட்கவில்லை, நான் எடுத்த எடுப்பில் சொன்னேன் என்று அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவும் சிரித்தாள்.

“ஆமாத்தா. இந்த வீட்டுலயே ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்.”

எனக்கும் அதில் சந்தேகமே இல்லை.