வலப்பக்கம் இறங்கிய வண்டி

தஞ்சாவூரில் முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் என் கணவரைக் காரைக்காலுக்குக் கூட்டி வந்தேன். ஆம்புலன்ஸ் வேண்டாம், நம் வண்டியே போதும் என்றது நான்தான். பிரான்சுக்குக் குடிபோன பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய பழைய எஸ்யூவி. பின்சக்கரங்களுக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பும் ரப்பர் பைகள். குலுக்கலே தெரியாது. பின்சீட்டை மடக்கி, மெத்தை போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தேன்.

ஒரு மாதமாகவே காலையில் பார்த்தால் வண்டி வலப்பக்கம் இறங்கி நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் காற்று ஏறி நிமிர்ந்துவிடும். "மெக்கானிக்கிட்ட காட்டு" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரத்தில் தள்ளிப்போட்டேன்.

நெடுங்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வயல்களுக்கு நடுவே, வண்டியின் வலது பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது. டயர் உரசி ரப்பர் கருகும் வாடை. ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். மெத்தையோடு சரிந்து கதவில் ஒண்டிக் கிடந்தார்.

"வலது கால் மரத்துப்போற மாதிரி இருக்கு."

கால் மரத்துப்போனால் உடனே திரும்பி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அவருக்குப் போன் அடித்தேன். "முதல்ல சமமாப் படுக்க வைங்க. படுத்த பத்து நிமிஷத்துல உணர்ச்சி வரலேன்னா கொண்டுவந்துடுங்க" என்றார். வண்டி நிமிராமல் அவரைச் சமமாக்க முடியாது; அடுத்து காரைக்கால் மெக்கானிக்குக்கு அடித்தேன்.

"வண்டியை ஆஃப் பண்ணிடுங்க டீச்சர். காத்தடிக்கிற மோட்டார் எரிஞ்சிடும். நகத்தாதீங்க, வர்றேன்."

இருபது நிமிஷத்தில் பைக்கில் வந்தார். அடியில் குனிந்து பார்த்தார். "பை நல்லாத்தான் இருக்கு. காத்துக் குழாய்தான் முனையில வெடிச்சிருக்கு. ஜாக்கி போடணும். சாரை இறக்கலாமா?"

"தூக்கவே கூடாதுங்க."

"அப்ப சாரோடவே தூக்கிடுவோம்" என்றார். பிறகு மற்ற சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்தார். நான் உள்ளே ஏறிக் கணவரின் இடுப்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். வண்டி முனகி முனகி ஏறியது. பாதியில் ஜாக்கி ஈரமண்ணில் புதைந்து நழுவ, ஒரு விரற்கடை கீழே விழுந்தோம். அவர் என் புடவையைக் கொத்தாகப் பிடித்தார்.

மெக்கானிக் ஓடிப்போய்ப் பம்புசெட் கொட்டகையிலிருந்து ஒரு பலகை கொண்டுவந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தார். மறுபடி தூக்கி, வெடித்த முனையை வெட்டிவிட்டு மீதிக் குழாயை இழுத்துச் சொருகி, ஜாக்கியை மெதுவாக இறக்கினார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

முன்னால் போய்ச் சாவியைத் திருப்பினேன், காற்று மோட்டார் இரைந்தது. வலப்பக்கம் மெள்ள மெள்ள எழும்பிச் சமமானது. அவரை நேராக்கிவிட்டுப் பாதத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் சுண்டுவிரலைக் கிள்ளினேன்.

"வலிக்குதுடி" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன், வீட்டுக்கே போகச் சொன்னார். மெக்கானிக் பைக்கில் முன்னால் போய் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கை காட்டினார். எங்கள் வீடிருக்கும் தருமபுரம் வரை இரண்டாவது கியருக்கு மேல் நான் போகவேயில்லை.

என் மேல்தான் தப்பு என்று அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.